ஏழாம் எண் கூடாரம்

மழையின் வாசம் வந்து அரைமணி நேரமாயிற்று, மழையைத்தான் காணோம். இளஞ்சியம் கூடாரத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, உச்சியிலிருந்து இடது பக்கமாக இறங்கிப் பின்மூலையில் போய் முடியும் அந்த ஒரே தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுடர், பத்து மாதத்துப் பிள்ளை, வாயைத் திறந்துபோட்டுத் தூங்கியது. துணி ஆரஞ்சு நிறம் என்பதால் உள்ளே விழுந்த வெளிச்சமும் ஆரஞ்சு. பிள்ளையின் கன்னம் பப்பாளித் துண்டு மாதிரி இருந்தது, தன் கையைத் தூக்கிப் பார்த்தால் அது யாரோ நலங்கு வைத்துவிட்ட கை மாதிரி இருந்தது. இந்த நிறத்துக்குள்ளேயே கிடந்தால் பசி கூடுமோ? பசித்தது. புளிச்சோற்றுத் தூக்குவாளி காலடியில்தான் இருக்கிறது, எழுந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும். மலைமேலே தப்பு மேளச் சத்தமும் ஹோய் ஹோய் என்ற கூப்பாடும் கேட்டன, இன்னும் மேலேதான் கேட்டன, இறங்கவில்லை. அவர்கள் இறங்குவதற்குள் மழை வந்துவிட வேண்டும். வந்தால் இது ஒழுக வேண்டும். ஒழுகு சாமி, ஒழுகு என்று தான் ஒட்டிய கூடாரத்தைப் பார்த்து வேண்டிக்கொள்கிறவள் இந்த உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, பிள்ளை அசையும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். தான் ஒட்டியதா? அதுதானே தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தானே வந்திருக்கிறது.

வேட்டை என்று பெயர்தான். புருசன் ஆண்டிச்சாமி வீட்டார் ஊரில் பங்குனி கடைசியில் மொத்த ஆம்பளைகளும் வலை, கம்பு, தப்பு, நாய் எல்லாவற்றோடும் செம்பாறை மலைக்குப் போவார்கள். முன்னே முயல் அடித்தார்களாம், பன்றி அடித்தார்களாம், இப்போது அடித்தால் ஜெயில். அதனால் ஒரு மஞ்சள் பூசணியை உச்சியிலிருந்து உருட்டிவிட்டு அதைத் துரத்திக்கொண்டு இறங்கி வருகிறார்கள். யார் கம்பு முதலில் பட்டதோ அவன்தான் அந்த வருடத்து வேட்டைக்காரன். அப்புறம் அதை வெட்டிப் பங்கு. போன ஆளுக்கு ஒரு பங்கு, போன நாய்க்கு ஒரு பங்கு, வராத நாய்க்குக் கிடையாது. அந்த வருடம் தலைப்பிள்ளை பெற்றவள் பிள்ளையோடு மலையடியில் வந்து உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கும் ஒரு பங்கு. இந்த வருடம் ஊரிலேயே தலைப்பிள்ளைக்காரி இவள் ஒருத்திதான். பூசணிப் பங்கைப் பத்து மாதப் பிள்ளை என்ன செய்யும், மசித்துக் கொடுக்கலாம், கொஞ்சம் வெல்லம் போட்டால் விழுங்கும். கல்யாணமாகி வந்த வருடம் இதைக் கேட்டுவிட்டு இவள் சிரித்த சிரிப்பில் மாமியாருக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசவில்லை. இப்போது யோசித்தால், பூசணி என்று தெரிந்தும் நாற்பது பேர் அத்தனை ஆவேசமாக ஓடுகிறார்களே, ஓடும்போது அது அவர்களுக்குப் பூசணியாகத் தெரியுமா, பன்றியாகத் தெரியுமா? கேட்க வேண்டும். கேட்டால் ஆண்டிச்சாமி, உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல என்பான்.

காலையில் கூடாரத்தை விரித்தபோது சுற்றி நின்றவர்கள் செய்த கேலியை நினைத்தாள். கம்பிகள் மடக்கு மடக்காக இருக்கும், உள்ளே ரப்பர் கயிறு ஓடும், ஒரு உதறு உதறினால் ஒன்றுக்குள் ஒன்று தானாகப் போய்ச் சொருகிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் சின்னமாமா வீரணன், ஆண்டிச்சாமியின் சித்தப்பா, இரண்டடி பின்னால் போய்விட்டார். "ஆத்தா, இதென்ன பாம்பு மாதிரி நிமிருது?" கொழுந்தன் முத்திருளனுக்கு வாய் சும்மா இருக்காது. "மதினி, கொடைக்குக் காலு மொளைச்சிருக்கா? இல்ல கோழியக் கவுத்துற பஞ்சாரமா?" "பஞ்சாரம்தான், மொதல்ல ஒன்னத்தான் போட்டுக் கவுக்கணும்." "காத்தடிச்சா பிள்ளையோட பறந்துருமேத்தா," என்றார் சின்னமாமா, "அப்புறம் எந்த ஊருன்னு போயித் தேடுறது?" "முளை அடிச்சிருக்கு மாமா, எட்டு முளை." அவர் ஒரு முளையைப் பிடுங்கிப் பார்த்தார், விரல் தண்டி இருந்தது, "இதுல எங்க ஆட்டுக்குட்டி கூட நிக்காது" என்று திரும்பக் குத்திவிட்டு, அதன்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். அவருக்குத் திருப்தி. ஆண்டிச்சாமிதான் பாவம், முதுகுப்பை அவன் தலையில் விழுந்தது. இவள் வேலை பார்க்கிற கூடார யூனிட்டின் ஓனர் மார்ட்டின் சார், சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த தாளில் பதினைந்து கிலோ ஏற்றி நடந்து பார்க்கவும் என்று போட்டிருந்தது. பதினைந்து கிலோவுக்கு எங்கே போவது? பூசணியை உள்ளே போட்டார்கள், அளவெடுத்துத் தைத்த மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது. இருபத்தோரு வாரையும் இழுத்து மாட்டியதும் அவனால் குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. மார்பு வாரின் கொக்கியிலே ஒரு குட்டி விசில் இருக்கிறதென்று இவள் காட்டிக் கொடுத்தாள், பாதை தவறினால் ஊதுவதற்காம், அவன் அதை ஊதிக்கொண்டே மலையேறினான். வேட்டைக்குப் போகிறவன் விசிலடித்துக்கொண்டு போகிறான், அதுவும் வேட்டையாடப்போகிற பன்றியைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு. யூனிட்டில் போய்ச் சொன்னால் ரஹ்மத்தக்கா விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்குமா? முன்னேயென்றால் சிரிக்கும்.

அங்கேதான் வந்து நிற்கிறது. எதை நினைத்துக்கொண்டு போனாலும் கடைசியில் ரஹ்மத்தக்காவிடம் வந்து நிற்கிறது, பாவாடை நாடா தறியில் மாட்டின மாதிரி. மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. யூனிட்டில் கூடாரத்துத் தையல் ஓடி முடிந்ததும் தையல்மேலே ஒரு விரல் அகல டேப்பை வைத்து மிஷினில் விடுவார்கள், சூடான காற்று அடித்து டேப்பை உருக்கித் துணியோடு துணியாக ஒட்டிவிடும், ஊசி போட்ட ஓட்டையெல்லாம் அடைந்துபோகும். மிஷினைப் போட்டதும் சிவப்பு விளக்கு, சூடு ஏறினதும் பச்சை. பச்சை வந்த பிறகுதான் துணியை விட வேண்டும். சிவப்பில் விட்டாலும் டேப் ஒட்டும்; பார்த்தால் தெரியாது, நகத்தால் சுரண்டினால் கூடத் தெரியாது, நின்று பெய்கிற மழையில் நனைந்தால்தான் மெல்லத் தோல் உரிகிற மாதிரி விட்டுவிடும். அன்றைக்குக் காலையில் ரஹ்மத்தக்கா தன்னுடைய கூடாரத்தை முடித்து மேசைமேல் போட்டுவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் மிஷினை அணைத்துவிட்டார்கள். திரும்ப வந்து இளஞ்சியம் போட்டாள், சிவப்பு, இவளுடைய கூடாரத்தில் இன்னும் ஒரே ஒரு தையல் பாக்கி, உச்சியிலிருந்து பின்மூலைக்கு இறங்குவது, இரண்டு முழம் இருக்கும், அதற்குள் தொட்டில் ரூமிலிருந்து ஆயா, "ஏய் இளஞ்சி, ஓம்பிள்ள கத்திக் கத்தி நீலம் பூத்துப்போச்சு." மாரில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. சிவப்பிலேயே விட்டாள். இரண்டு முழம்தானே. எத்தனை நொடி? பத்து நொடி. இதில் சந்தேகமே இல்லை, விளக்கு சிவப்பாக இருந்தது, இப்போது கண்ணை மூடினாலும் சிவப்பாகத்தான் எரிகிறது.

சந்தேகம் அதற்குப் பிறகுதான். பால் கொடுத்துவிட்டுப் பிள்ளையை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மேசைமேல் இரண்டு கூடாரமும் மடித்துக் கிடந்தன, யார் மடித்தது, ரஹ்மத்தக்கா மடித்ததா, இவளேதான் ஓடும்போது மடித்துவிட்டுப் போனாளா? இரண்டும் ஆரஞ்சு, இரண்டும் ஒரே கட்டு. ரஹ்மத்தக்கா தொழப் போயிருந்தது. செக்கிங்காரர் இரண்டு டேக்கை நீட்டினார், ஆறு ரஹ்மத்தக்கா நம்பர், ஏழு இவள் நம்பர். பிள்ளை தோளிலிருந்து குனிந்து டேக்கைப் பிடுங்கியது, இவள் அதன் கையிலிருந்து பிடுங்கினாள், அது சிரித்தது, இவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கட்டினாள். ஆறை எதில் கட்டினாள்? இடது பக்கம் கிடந்ததில். இடது பக்கம் கிடந்தது எது? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மேசை தெரிகிறது, டேக் தெரிகிறது, பிள்ளையின் எச்சில் கூடத் தோளில் ஈரமாகத் தெரிகிறது, கூடாரம் மட்டும் தெரிய மாட்டேன் என்கிறது. மறுநாள் ஷவர் ரூமில் பத்து நிமிடம் தண்ணீர் அடித்தார்கள். ஆறு ஒழுகிவிட்டது, பின்மூலையில். ஏழு ஒழுகவில்லை. ரஹ்மத்தக்கா சூப்பர்வைசரிடம், "எங்கை டேப்பு ஒழுகாது சார், பதினோரு வருசமா ஓட்டுறேன்" என்றது. டேக்கைப் பாரும்மா என்றார் அவர். ரஹ்மத்தக்கா டேக்கைப் பார்த்தது. அப்புறம் இவளைப் பார்த்தது, கோபமாகக் கூட இல்லை, நேரம் கேட்கிற மாதிரி கேட்டது. "நீ பார்த்துத்தானே புள்ள கட்டுன?" "பார்த்துத்தான்கா."

பார்த்துத்தான்கா. எவ்வளவு சுளுவாக வந்தது. யோசித்துச் சொன்ன பொய் என்றால் ஒரு மூச்சாவது பிடித்திருக்கும். இது பால் கொதித்துப் பொங்குகிற மாதிரி தானாக வந்தது, அந்த நிமிடத்தில் பொய் என்றே தோன்றவில்லை, கை கட்டியது, கண் திறந்துதானே இருந்தது. இப்போது ரஹ்மத்தக்கா மாடியில் பிசிறு வெட்டுகிற மேசையில் இருக்கிறது, நாள் முழுக்க நின்றுகொண்டு, ஏற்கெனவே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கிற மனுசி. பதினோரு வருடத்துக் கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டார்கள். டேப் மிஷினில் இப்போது இளஞ்சியம் மட்டும்தான். மிஷினுக்கு நேரே ஒரு சன்னல், சன்னலுக்கு அந்தப் பக்கம் தொட்டில் ரூம், மூன்றாவது தொட்டில் சுடருடையது, அது புரண்டு படுத்தால் இங்கிருந்தே தெரியும். மாடியிலிருந்து தெரியாது. மாடியிலிருந்து தகரக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். இதையெல்லாம் ஒரு வார்த்தைக்குள் வைத்து அந்த நிமிடத்தில் சொன்னாளா? இல்லை, அவ்வளவு கெட்டிக்காரி இல்லை இவள். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கூட வந்து ஒட்டிக்கொண்டன. ஒழுகாத இந்த ஏழாம் எண்ணை வெளியே கொண்டுபோய் நிஜ மழையில் வைத்துப் பார்க்க யாராவது இருக்கிறீர்களா என்று மார்ட்டின் சார் கேட்டபோது அவர் கேட்டு முடிக்கும் முன்னே, "எங்க ஊரு வேட்டைக்குக் கொண்டுபோறேன் சார்" என்று எழுந்து நின்றவள் இவள்தான். ஏன் எழுந்தாள்? தெரிந்துகொள்ளத்தான். எது எப்படி என்று தெரியாமல் இவளுக்குச் சோறு இறங்காது, சின்னதிலிருந்தே அப்படி, பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிற இரும்புத் துண்டு எதனால் அவ்வளவு நேரம் நடுங்குகிறதென்று நாக்கை வைத்துப் பார்த்து வாங்கிய அடி இருக்கிறதே. விசயம் ரொம்ப நேர்தான். இதற்குள்ளே அந்தச் சிவப்பு விளக்கு டேப் இருந்தால் பெரிய மழைக்கு விட்டுவிடும். விட்டால் இது இவள் ஒட்டியது, டேக் சரி, ஒழுகின ஆறு ரஹ்மத்தக்காவுடையதுதான், பதினோரு வருடத்துக் கையும் ஒருநாள் தவறும். விடாவிட்டால் இது ரஹ்மத்தக்கா ஒட்டியது, ஒழுகின ஆறுதான் இவளுடையது. அதனால்தான், ஒழுகு.

முதல் சொட்டு விழுந்தது. விழுந்த சத்தம் பொரி பொரிகிற மாதிரி இருந்தது, ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியவில்லை. காற்று வந்து கூடாரத்தை ஒரு பக்கமாக அமுக்கியது, கம்பி வளைந்தது, நிமிர்ந்தது, சின்னமாமாவின் கல் வைத்த முளைப் பக்கம் மட்டும் அசையாமல் இருந்தது, பாவம் மனுசன், இருக்கட்டும். இளஞ்சியம் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுடர் விழித்துக்கொண்டு அழவில்லை, மேலே பார்த்தது, ஆயிரம் விரல் கொட்டுகிற மாதிரி துணி அதிர்வதைப் பார்த்து, அதுவும் கையை நீட்டி உள்ளேயிருந்து ஒரு தட்டுத் தட்டியது. வெளியே தண்ணீர் ஓடுகிறது தெரிந்தது, துணிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு தாரையும் நிழலாக இறங்கியது, உச்சியிலிருந்து பிரிந்து இடது தையலோரமாக வந்து பின்மூலையில் சேர்ந்து விழுந்தது. இவள் விரலைத் தையலில் வைத்தாள். காய்ந்திருந்தது. குளிர்ந்திருந்தது, காய்ந்திருந்தது. பொறு, இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறது. தாளில் ஒரு கேள்வி: மழை எத்தனை நிமிடம் பெய்தது? செல்போனை எடுத்து மணியைப் பார்த்தாள், இரண்டு ஐம்பது, டவர் இல்லை. மலைமேலே தப்பு நின்றுவிட்டது. எல்லாரும் பாறைக்கடியில் ஒதுங்கியிருப்பார்கள், பூசணியை என்ன செய்தார்களோ, உருட்டிவிட்டார்களோ இல்லையோ. இடி ஒன்று இறங்கியது, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கம்பி அலுமினியம். அலுமினியத்தில் இடி இறங்குமா? இதைத் தாளில் கேட்கவேயில்லையே, மார்ட்டின் சார் முக்கியமானதை விட்டுவிட்டார். மரத்தடியில் போடக்கூடாது என்று மட்டும் சொன்னார், போடவில்லை. பிள்ளையை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாய், தலைப்பிள்ளைப் பங்குக்கா, டேப்புக்கா? இரண்டுக்கும்தான். யாராவது கேட்டால் பங்குக்கு என்று சொல்லலாம். அடுத்த இடி தள்ளி விழுந்தது. போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

மூன்றேகாலுக்கு ஈரம் தெரிந்தது. தையலுக்குப் பக்கத்தில், கடுகளவு, அப்புறம் இன்னொரு கடுகு. இளஞ்சியத்துக்கு நெஞ்சு திறந்துகொண்ட மாதிரி இருந்தது. வந்துருச்சு, வந்துருச்சு சுடரு, அம்மா ஒட்டினதுதான், பாரு, அம்மா சரியாத்தான் கட்டியிருக்கேன் என்று பிள்ளையின் வயிற்றில் வாயை வைத்து ஊதினாள், அது கெக்கெக்கென்று சிரித்தது. ஒழுகுகிற கூடாரத்துக்கு இத்தனை சந்தோசம் யாரும் பட்டிருக்க மாட்டார்கள். மார்ட்டின் சார் திட்டுவார், திட்டட்டும், சிவப்பில் விட்டதுக்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அது தன் தப்பு, தன் தப்புக்குத் தான் வாங்குகிற திட்டு சில்லென்று இருக்கும். பார்த்துத்தான்கா நிஜமாகிவிட்டது. செல்போன் வெளிச்சத்தைப் போட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். கடுகு நிறைய இருந்தது. தையலோரம் மட்டுமில்லை, தையலே இல்லாத நடுத்துணியிலும் இருந்தது, வலது பக்கமும் இருந்தது, கதவுப் பக்கமும், மேலேயும், கூடாரம் முழுக்க வியர்த்த மாதிரி. இதென்ன? ஊசியே படாத இடத்தில் எப்படி ஒழுகும்? முந்தானையால் ஒரு சாண் இடத்தைத் துடைத்தாள், உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி மெல்லப் புகை மாதிரி படிந்து பொட்டுப் பொட்டாகத் திரண்டது. அதன்மேல் வாயை வைத்து ஹா என்று ஊதினாள், சட்டென்று வெள்ளையாகப் பூத்தது. மூச்சு. மழை இல்லை, மூச்சு. அடைத்த இடத்துக்குள்ளே அரைமணி நேரமாக இவள் விட்ட மூச்சும், பிள்ளை விட்ட மூச்சும் போக இடமில்லாமல் குளிர்ந்த துணியில் ஒட்டித் தண்ணீராகியிருக்கிறது, பருப்புச் சட்டி மூடியில் நிற்கிற மாதிரி. ஓகோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஒரு ஆள் இவ்வளவு தண்ணீரையா மூச்சாக விடுகிறது? ஒரு நாளுக்கு எவ்வளவு இருக்கும், ஒரு டம்ளர் இருக்குமா? சுடர் தவழ்ந்து போய்த் துணியில் நாக்கை வைத்து நக்கியது. தன் மூச்சைத் தானே நக்குகிறது, இல்லை, பாதி இவளுடையது. அந்த வேடிக்கையில் ஒரு நிமிடம் எல்லாம் மறந்துபோய், அடுத்த நிமிடம் திரும்ப வந்தது. அப்படியென்றால் தையல்? முந்தானையைச் சுருட்டித் தையல் முழுக்க, உச்சியிலிருந்து மூலைவரைக்கும், ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, காற்றுக்குக் கதவின் ஜிப்பை மேல்பாதி திறந்துவிட்டாள், கொசுவலை மட்டும் மூடியிருந்தது. விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெளியே ஏதோ வந்தது. மழைக்கு நடுவில் அது தனிச் சத்தம், புல்லை ஒதுக்கிக்கொண்டு வருகிற சத்தம், முன்பக்கம் கதவுக்கு மேலே ஒரு முழம் துணி தாழ்வாரம் மாதிரி இறங்கியிருக்கிறதே, அதற்கடியில் வந்து நின்றது. வேட்டை என்றால் மேலேயிருந்து கலைப்பதுதானே, நாற்பது பேர் மேலேயிருந்து தப்படித்துக் கத்தினால் மலையில் இருக்கிறதெல்லாம் எந்தப் பக்கம் ஓடும்? கீழே. கீழே யார் இருக்கிறார்கள்? இதை எந்த ஆம்பளையாவது யோசித்தானா? பன்றியென்றால் இந்தத் துணி எத்தனை நொடி நிற்கும்? பிள்ளையைப் பின்மூலைக்குத் தள்ளி முன்னால் தான் உட்கார்ந்தாள், கையில் அகப்பட்டது தூக்குவாளி மூடிதான். மூச்சை அடக்கிக்கொண்டு வலைக்கு அருகில் போய்க் கீழே பார்த்தாள். முயல். உழக்கு அளவு முயல், காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு, நனைந்து, விலா எலும்பு படபடவென்று அடிக்க, இவள் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இத்தனை கூட்டமும் வருடா வருடம் போய்ப் பார்க்காத முயல். கத்தினால் போய்விடும். கத்தாவிட்டாலும் யார் நம்புவார்கள்? அதன் கண் தலைக்குப் பக்கவாட்டில் இருந்ததால் இவளைப் பார்க்கிறதா, மழையைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் போல. மூக்கு மட்டும் ஓயாமல் ஆடியது. இவ்வளவு கிட்டத்தில் ஒரு முயலின் உதட்டைப் பார்ப்பாள் என்று யார் கண்டார்? தாளில் பதினோராவது கேள்வி: கூடாரத்தை ஏதேனும் விலங்கு நெருங்கியதா? காலையில் அதைப் படித்துவிட்டு முத்திருளன், "கொழுந்தன்னு எழுதிருங்க மதினி" என்றான். முயலுக்கு ஒரு சொட்டுக் கூட மேலே விழவில்லை. தாழ்வாரத்துத் தையலும் சொட்டவில்லை. மூன்று நாற்பது. இந்நேரம் விட்டிருக்க வேண்டும். இளஞ்சியம் திரும்பிப் பின்மூலைக்குப் போனாள், வெளியே சேர்கிற தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து கனத்துத் தொங்கியது, உள்ளேயிருந்து உள்ளங்கையை வைத்தால் பசுவின் மடி மாதிரி கனம் தெரிந்தது. டேப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கினாள். வரவில்லை. இன்னும் அழுத்தித் தூக்கினாள், நகம்தான் வலித்தது. டேப் துணியோடு துணியாக, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்த மாதிரி ஒட்டிக் கிடந்தது. பச்சை விளக்கில் விட்ட டேப். அவசரமே இல்லாத கை, ஓரத்தைக் கூட அரைநூல் விலகாமல் ஓட்டிய கை. இது இவள் ஒட்டியது இல்லை. இதை மழை வரும் முன்னேயே பார்த்திருக்கலாமே, இந்த நேர்க்கோட்டைப் பார்த்தாலே தெரிகிறதே, இவள் ஓட்டினால் மூலையில் எப்போதும் ஒரு சின்ன நெளிவு விழும், அரைமணி நேரமாக மல்லாந்து இதையேதானே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பார்த்தாளா?

மழை ஓயாமலே ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். விசில் சத்தம் கேட்டது, முயல் எப்போது போனதென்று தெரியாமல் போய்விட்டது. ஆண்டிச்சாமி முதலில் வந்தான், நனைந்த கோழி மாதிரி. பின்னாலே சின்னமாமா, அப்புறம் முத்திருளன், மற்றவர்கள் வேன் பக்கம் ஓடினார்கள். "மூணு பேரு படுக்கலாம்னு சொன்னியே, ஈரத்தோட எத்தன பேரு?" என்று கேட்டுக்கொண்டே ஆண்டிச்சாமி பையைக் கழற்றினான். பூசணி உள்ளேயே இருந்தது. "உருட்டவே இல்லையா?" "எங்க உருட்டுறது, வாரு சிக்கிக்கிச்சு, ஆறு பேரு சேந்து அவுக்குறதுக்குள்ள மழ புடிச்சிருச்சு." "வேட்டையில பன்னி தப்பிச்ச மொத வருசம் இதுதான் மதினி," என்றான் முத்திருளன், "தப்பிச்சு அண்ணன் முதுகுலயே ஒளிஞ்சுக்கிச்சு." எல்லாரும் உள்ளே நெருக்கி உட்கார்ந்தார்கள், சுடர் எல்லார் முழங்கால்மேலும் ஏறியது. சின்னமாமா தரையைத் தடவினார், சுவரைத் தடவினார், பின்மூலையில் வைத்த கையை எடுக்கவேயில்லை. "ஏத்தா! இம்புட்டு மழைக்கு ஒரு பொட்டுத் தண்ணி இல்லையே! நாங்க பாறைக்கடியில நின்னே நனைஞ்சுட்டோம். இதுவா நீ ஒட்டுனது? கையில வித்த வச்சிருக்கடி ஆத்தா நீ." ஆண்டிச்சாமி பெருமையை மறைக்கத் தெரியாமல் வேறு பக்கம் பார்த்தான். இளஞ்சியம் வாயைத் திறந்தாள், அது மூச்சு என்று சொல்ல வந்தாள், சுவரில் இருக்கிற ஈரம் மழை இல்லை, மூச்சு என்று, யாரும் அதைக் கேட்கவில்லையே. முத்திருளன் செல்போனை எடுத்து நீட்டினான். "மதினி, இப்பவே ஒங்க ஓனருக்கு வீடியோ. தாளும் வேணாம் பேனாவும் வேணாம். சொல்லுங்க, எவ்வளவு நேரம் மழ, எப்படி நின்னுச்சு, ஒட்டுனது யாரு. சொல்லுங்க, ஓடுது."

இப்போது சொன்னால்தான் உண்டு என்றில்லை, திங்கட்கிழமை சொல்லலாம், ரஹ்மத்தக்காவிடம் மட்டும் முதலில் சொல்லலாம், மூன்றாவது தொட்டில், மாடியிலிருந்து தண்ணீர்த் தொட்டிதான் தெரியும், தொட்டியை ஒட்டி ஒரு வேப்பமரம் கூட இருக்கிறது, ஆயாவிடம் சொன்னால் பிள்ளை அழும்போது கீழேயிருந்து குரல் கொடுக்கும், ஆனால் அழாமல் சும்மா புரண்டு படுக்குமே, அதற்கு யார் குரல் கொடுப்பார்கள்? இந்த மூன்று வாரமாக எத்தனை தரம் சன்னல் வழியாகப் பார்த்தாள், ஒரு மணி நேரத்துக்குப் பத்துத் தரமா, ரஹ்மத்தக்காவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. செல்போனின் சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. சிவப்பில் ஓட்டிப் பழகியவள்தானே.

"சார், நான் இளஞ்சியம் பேசுறேன்," என்றாள். "ரெண்டு அம்பதுல இருந்து இன்னும் பெய்யுது. தையல்ல ஒரு சொட்டு உள்ள வரல. செவுத்துல இருக்கிற ஈரம் எங்க மூச்சு, அதுக்கு, உச்சியில ஒரு காத்துத் தொள வைக்கணும் சார். இது ரஹ்மத்தக்கா ஒட்டுனது. ஒழுகுனது நான் ஒட்டுனது. சூடு ஏறும் முன்ன விட்டுட்டேன். டேக்கையும் பார்க்காமக் கட்டிட்டேன்."

சின்னமாமா கையைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டார், ஏதோ அடுத்தவர் பொருளைத் தொட்டுவிட்ட மாதிரி. ஆண்டிச்சாமி, "ஏய், ஒன்னோடதுன்னு தானே ஊரெல்லாம் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்?" என்றான். "எனக்கும் இப்பத்தான் தெரியும்." அவன் அவளையே பார்த்தான், அப்புறம் பிள்ளையைப் பார்த்தான். "அப்ப மிஷினு?" "மிஷினு அவுகளுக்குத்தான்." முத்திருளன் செல்போனை இறக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. கேலி வராத முகத்தை அவனுக்கு இவள் இதற்கு முன் பார்த்ததில்லை. "அழிச்சிரவா மதினி?" என்று மெல்லக் கேட்டான். "வேற ஒண்ணு எடுத்துக்கலாம்."

"அழிக்காத. வேனுக்கு அங்கிட்டு ரோட்டுல போனா டவர் கெடைக்கும், போயி அனுப்பிட்டு வா."

"மழ பெய்யுது மதினி."

"நீ நனைஞ்ச ஆளுதானே, போ."